புது அகப்பக்கம் கூகுளில் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

"தம்பி, கூகுள்ல தட்டித் தட்டிப் பார்க்கிறேன், நம்ம கடை வரவே மாட்டேங்குதே." தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, முறுக்கு சுட்டு விற்கும் அக்கா ஒருவர் எனக்கு அனுப்பிய குரல்பதிவு இது. சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், தாமான் (குடியிருப்பு) வீட்டுப் பின்கட்டில்தான் அவருடைய அடுப்பு. கோலாலம்பூர், கிள்ளான், ஷா ஆலாம் என்று வேலைக்குப் போய்விட்ட நம் ஊர்ப் பிள்ளைகள்தான் அவருக்குப் பெரிய வாடிக்கை. அவர்கள் தேடும்போது கிடைக்க வேண்டும் என்றே அகப்பக்கம் போட்டார். மூன்று வாரமாகியும் தேடலில் அதன் தடயமே இல்லை.

இதே கேள்வியோடு பூமாலைக் கடைக்காரர், டயர் கடை அண்ணன், கோயில் நிர்வாகத்தார் என்று பலர் வந்திருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "ஏன் வரவில்லை?" காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. காரணம் தெரியாமல் கைக்குக் கிடைத்ததை எல்லாம் மாற்றினால் எது சரியானது, எது கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதலில் அறிகுறி, அப்புறம் மருந்து.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: பெரட்டு. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் வந்து நிற்க வேண்டும், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும், அதன் பிறகுதான் எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்று வேலை பிரிப்பார்கள். தேடுபொறியும் அப்படித்தான் நடக்கிறது. முதலில் கூகுளின் ஊர்தி, அதாவது பக்கம் பக்கமாக ஊர்ந்து படிக்கும் கூகுள்பாட் என்ற நிரல், உங்கள் பக்கத்துக்கு வந்து படிக்க வேண்டும். அடுத்து அந்தப் பக்கம் அட்டவணையில், அதாவது கூகுளின் இண்டெக்ஸில், ஏற வேண்டும். கடைசியில்தான் யாருக்கு முன், யாருக்குப் பின் என்ற வரிசை. பெரட்டுக்கே வராதவரைப் பற்றி எந்த நிரை என்று பேசிப் பயனில்லை. அக்காவின் பக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

அதற்கு இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைத் தட்டுவது. அட்டவணையில் இருக்கும் பக்கங்கள் வரும். இது கண் மதிப்புதான், முழுக் கணக்கு அல்ல. இரண்டாவது சோதனைதான் உறுதியானது: கூகுள் சர்ச் கன்சோல். காசு கிடையாது. உங்கள் அகப்பக்கத்தை அதில் சேர்த்து, மேலே உள்ள பெட்டியில் ஒரு பக்கத்தின் முழு முகவரியை ஒட்டினால், அது அட்டவணையில் இருக்கிறதா, இல்லையென்றால் என்ன காரணம் என்று சொல்லிவிடும்.

கன்சோலில் சேர்க்கும்போது "இது உங்களுடையதுதானா" என்று கேட்கும். டொமைன், அதாவது அகப்பக்கத்தின் பெயர், வாங்கிய இடத்தில், அந்தப் பெயரைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பகுதியில் கூகுள் தரும் ஒரு வரியைச் சேர்ப்பது நல்ல முறை. ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது என்று எல்லா வடிவங்களும் ஒரே கணக்குக்குள் வந்துவிடும். இங்கேதான் நம் ஊரில் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அகப்பக்கத்தைச் செய்து கொடுத்த அண்ணன் மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருப்பார், டொமைன் அவருடைய மின்னஞ்சலில் இருக்கும், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. தேடல் பிரச்சினையைத் தொடுவதற்கு முன் டொமைன் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைச் சாவி கடைக்காரரிடம்தான் இருக்க வேண்டும்.

"எதுவுமே வரவில்லை. போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது"

இது பழுது இல்லை. புதுப் பக்கத்தைக் கூகுள் கண்டுபிடித்துப் படிக்கச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். நீங்கள் செய்யக்கூடியது மூன்று. சைட்மேப் என்ற பக்கப் பட்டியலைக் கன்சோலில் கொடுங்கள். அகப்பக்கம் கட்டப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள், 2020இல் வந்த 5.5ஆம் பதிப்பிலிருந்து அதைத் தானே தயாரித்து வைத்திருக்கிறது. பிறகு முகப்புப் பக்கத்துக்கும் முக்கியமான இரண்டு மூன்று பக்கங்களுக்கும் 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். ஒருமுறை என்றால் ஒருமுறைதான். அக்கா தினமும் காலையில் முறுக்கு மாவு பிசைந்துவிட்டு வந்து அழுத்திக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப அழுத்துவதால் வேகம் கூடாது, நாளொன்றுக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு.

மூன்றாவது, வெளியிலிருந்து இணைப்பு. புதுப் பக்கங்களைக் கூகுள் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த பக்கங்களில் உள்ள இணைப்புகள் வழியாகத்தான் கண்டுபிடிக்கிறது. கோயில் திருவிழாவுக்குப் பலகாரம் கொடுத்தீர்களா? கோயில் அகப்பக்கத்தில் உபயதாரர் பட்டியலில் உங்கள் முகவரியைப் போடச் சொல்லுங்கள். மாவு வாங்கும் மொத்த வியாபாரி விற்பனையாளர் பட்டியல் வைத்திருந்தால் அங்கேயும் கேளுங்கள். உண்மையான உறவிலிருந்து வரும் ஓர் இணைப்பு, காசு கொடுத்து வாங்கும் நூறு இணைப்பைவிட மேல். காசுக்கு இணைப்பு வாங்குவது கூகுளின் விதிக்கே எதிரானது.

"மூன்று வாரமாகியும் ஒன்றும் இல்லை. கன்சோலில் நோஇண்டெக்ஸ் என்று காட்டுகிறது"

அக்காவின் நோய் இதுதான். நோஇண்டெக்ஸ் என்றால் 'என்னை அட்டவணையில் ஏற்றாதே' என்று பக்கமே தேடுபொறிக்குச் சொல்லும் குறி. அவர் வீட்டு மேசையில், ஒரு பக்கம் எண்ணெய் வடியும் முறுக்குத் தட்டு, இன்னொரு பக்கம் அவர் மகளின் மடிக்கணினி. முகப்பு முகவரியைக் கன்சோலில் ஒட்டினேன். 'நோஇண்டெக்ஸ் குறியால் விலக்கப்பட்டது' என்று வந்தது. வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ் போய், ரீடிங் என்ற பகுதியைத் திறந்து, அடிப்பகுதிக்கு இறங்கினேன். "தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணையிடுவதைத் தவிர்க்கச் சொல்" என்ற பொருளில் ஒரு வரி, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், கட்டத்துக்குள் ஒரு டிக். அவ்வளவுதான். பக்கத்தைக் கட்டும்போது, வேலை முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று செய்தவர் போட்ட டிக். முடிந்த பிறகு எடுக்க மறந்துவிட்டார். மூன்று வாரமாக அந்தக் கடை வாசலில் 'உள்ளே வராதீர்கள்' என்று பலகை தொங்கியிருக்கிறது.

டிக்கை எடுத்துச் சேமித்த பிறகு, தளத்தில் பக்கத்தின் நகலைச் சேமித்துக் காட்டும் கேஷ் நீட்சி (பிளகின்) இருந்தால் அந்த நகலையும் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய பக்கமே இன்னும் போய்க்கொண்டிருக்கும். பிறகு கன்சோலில் 'லைவ் டெஸ்ட்' ஓட்டி, அட்டவணையிடலாம் என்று பச்சையாக வருகிறதா எனப் பாருங்கள். அதே நோஇண்டெக்ஸ் குறி, தேடலில் முன்னேற உதவும் எஸ்இஓ நீட்சிகளிலும் பக்கவாரியாக இருக்கும், சர்வர் அனுப்பும் தலைப்பு வரியிலும் ஒளிந்திருக்கும். 'விரைவில் வருகிறோம்' என்று காட்டும் நீட்சி அணைக்கப்பட்டுவிட்டதா என்றும் பாருங்கள். நீங்கள் உள்நுழைந்திருப்பதால் உங்களுக்குக் கடை திறந்திருப்பதாகத் தெரியும். வெளியே நிற்கும் கூகுளுக்குக் கதவு சாத்தியிருக்கும். உலாவியின் மறைவு ஜன்னலில் (இன்காக்னிட்டோ) திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

"முகவரி மட்டும் வருகிறது, கீழே விவரமே இல்லை"

முடிவுகளில் உங்கள் முகவரி வந்து, 'இந்தப் பக்கத்தைப் பற்றிய தகவல் இல்லை' என்று கீழே காட்டினால், ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்ட் (robots.txt) கோப்பைச் சந்தேகியுங்கள். ஊர்திகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் கோப்பு அது. உங்கள் முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு அந்தப் பெயரைத் தட்டினாலே கோப்பு திறக்கும். அதில் 'யூசர் ஏஜென்ட்' வரியில் நட்சத்திரக் குறியும், அதன் கீழ் 'டிஸ்அலவ்' என்பதற்குப் பின் வெறும் சாய்கோடும் இருந்தால், எந்த ஊர்தியும் எந்தப் பக்கத்தையும் படிக்கக் கூடாது என்று பொருள். அந்தச் சாய்கோட்டை நீக்குங்கள். கூகுள் இந்தக் கோப்பின் நகலைப் பொதுவாக 24 மணி நேரம்வரை வைத்திருக்கும், அதனால் மறுநாள் பாருங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து எடுக்க வேண்டும் என்று நோஇண்டெக்ஸும் போடுவார்கள், ரோபோட்ஸ் கோப்பிலும் தடுப்பார்கள். தடுத்தால் கூகுள் உள்ளே வந்து படிக்காது. படிக்காவிட்டால் நோஇண்டெக்ஸ் குறி அதன் கண்ணில் படாது. இரண்டில் ஒன்றுதான் வேலை செய்யும்.

"கூகுளால் பக்கத்தைத் திறக்க முடியவில்லையாம். எனக்கு நன்றாகத் திறக்கிறதே"

உங்களுக்குத் திறப்பது நீங்கள் மலேசியாவில் இருப்பதால் இருக்கலாம். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளிலிருந்துதான் வருகிறது. தாக்குதலுக்குப் பயந்து, மலேசியாவுக்கு வெளியே இருந்து வரும் எல்லாவற்றையும் சர்வர் தடுத்திருந்தால் அதுவும் சேர்ந்து வெளியே நின்றுவிடும். சர்வரில் இடம் தந்திருக்கும் ஹோஸ்டிங்காரரிடம் "கூகுள்பாட், பிங்பாட் இரண்டையும் உள்ளே விடுங்கள்" என்று கேளுங்கள். சர்வரைக் காக்கும் ஃபயர்வாலில் 'மனிதரா என்று சோதி' அமைப்பை எல்லாருக்கும் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

"கண்டுபிடித்தோம், படித்தோம் என்கிறது. ஆனால் சேர்க்க மாட்டேன் என்கிறது"

கன்சோலில் இரண்டு நிலைகள் உண்டு. 'டிஸ்கவர்ட், கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்' என்றால் முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. புதுத் தளத்துக்கு இது சகஜம், பொறுத்திருக்கலாம். 'கிரால்ட், கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்' என்றால் வந்தது, படித்தது, இப்போதைக்கு வேண்டாம் என்று போய்விட்டது. இதற்குப் பொத்தான் மருந்து கிடையாது. பக்கத்தைத்தான் திருத்த வேண்டும்.

நோஇண்டெக்ஸ் போன பிறகு அக்காவின் முகப்பு நான்கு நாளில் ஏறிவிட்டது. மற்ற பதினாலு பக்கங்கள் ஏறவில்லை. திறந்து பார்த்தேன். பூண்டு முறுக்குக்கு ஒரு பக்கம், தேன்குழலுக்கு ஒரு பக்கம், அச்சு முறுக்குக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் வாட்ஸ்அப்புக்குச் செய்த போஸ்டர் ஒன்று: மஞ்சள் பின்னணி, விளக்குப் படம், நடுவில் பெரிய எழுத்தில் விலை, கீழே தொலைபேசி எண். பார்க்க அழகுதான். ஆனால் பெயர், விலை, எடை, எங்கே வந்து எடுப்பது எல்லாமே படத்துக்குள் இருந்தது. படத்துக்கு வெளியே இருந்த எழுத்து 'ஆர்டர் செய்ய அழைக்கவும்' மட்டும். பதினாலு பக்கத்திலும் அதே வரி. படிக்க வந்த கூகுளுக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்தான். அதை நம்பி எதைச் சேர்க்கும்?

பதினாலையும் மூன்றாக்கினோம். முறுக்கு வகைகளுக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று, ஆர்டர் செய்யும் முறைக்கு ஒன்று. அக்கா வாயால் சொன்னதை அப்படியே எழுத்தாக்கினேன்: எந்த மாவு, எந்த எண்ணெய், எத்தனை நாள் தாங்கும், பால்டியில் (வாளியில்) எத்தனை கிலோ, கோலாலம்பூருக்கு எந்தக் கிழமை கொண்டுபோய்க் கொடுப்பார். போஸ்டரை எடுத்துவிடவில்லை. பக்கத்தில் வைத்து, படத்தில் என்ன இருக்கிறது என்று மாற்று உரையில் ஒரு வரி எழுதினோம். பழைய முகவரிகளை 301 என்னும் நிரந்தரத் திருப்பத்தால் புதிய பக்கங்களுக்கு விட்டோம்.

இன்னொன்று. கூகுள் இப்போது கைப்பேசி வடிவத்தைத்தான் படித்து அட்டவணையிடுகிறது. கணினியில் தெரிந்து கைப்பேசியில் மறைக்கப்பட்ட எழுத்து கூகுளைப் பொறுத்தவரை இல்லாத எழுத்து.

"ஆங்கிலத்தில் தேடினால் வருகிறது, தமிழில் தேடினால் வரவில்லை"

இதற்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நம் ஆட்கள் தமிழில் எழுத மெனக்கெட்டும் அந்தத் தமிழ் யாருக்கும் கிடைக்காமல் போவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

முதல் சோதனை எளிது. உங்கள் பக்கத்தில் ஒரு தமிழ் வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே ஒட்டினால் சரி. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒட்டினால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் அல்ல. பாமினி போன்ற பழைய எழுத்துருவில், ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி போட்டதுபோல எழுதப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்குக் குப்பை. கோயில் மலர், பள்ளி ஆண்டிதழ் போன்றவற்றிலிருந்து பழைய கோப்பை எடுத்து ஒட்டும்போது இது நடக்கிறது. கணினித் தமிழில் மலேசியா முன்னோடி. முத்து நெடுமாறன் இங்கே உருவாக்கிய முரசு அஞ்சலில்தான் நம்மில் பலர் தமிழ் தட்டக் கற்றோம். யூனிகோட் பரவுவதற்கு முன் ஆளுக்கொரு குறியாக்கம் இருந்த அந்தக் காலத்துக் கோப்புகள் இன்னும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் கிடைக்கும். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபாருங்கள், ஒற்றுகளும் கொம்புகளும் இடம் மாறியிருக்கும்.

இரண்டாவது, மொழி மாற்றும் பொத்தான். அழுத்தினால் மலாய், தமிழ், ஆங்கிலம் என்று மாறுகிறது, ஆனால் மேலே முகவரி மாறவில்லை என்றால், கூகுள் முதலில் தெரியும் மொழியை மட்டும் படித்துவிட்டுப் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வேண்டும்.

மூன்றாவது, தமிழ்த் தலைப்பு முகவரியாக மாறும் விதம். இதனால் தேடலில் வராமல் போகாது, ஆனால் பகிரும்போது தொல்லை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் முகவரிக்குள் 9 எழுத்தாக விரியும். 'மு' என்பதில் ம ஒரு குறி, உகரக் கொக்கி இன்னொரு குறி. அப்படி எண்ணினால் 'முறுக்கு' என்பது எட்டுக் குறி, ஆக 72. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துக்கு மேல் இடம் தராது. 'தீபாவளி முறுக்கு முன்பதிவு' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'முன்பதி' என்பதோடு அறுந்துவிடும். வெளியிடும் முன்பே முகவரியைச் சுருக்கிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் திருப்பம் போட வேண்டிவரும்.

நான்காவது, பெயர். எங்கள் ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அதற்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை. அரசாங்கக் கடிதத்தில் புதுப் பெயர், பெரியவர்கள் வாயில் பழைய பெயர். வெளியூர் போன பிள்ளைகள் அம்மா சொன்ன பெயரைத்தான் தட்டுகிறார்கள். அக்காவின் பக்கத்தில் பழைய பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. "பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த பெஸ்தாரி ஜெயாவில்" என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டோம். உங்கள் தோட்டத்துக்கும் துரை வைத்த பெயர் ஒன்றும் நம் ஆட்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தால் இரண்டையும் இயல்பாக ஒரு வாக்கியத்தில் கொண்டுவாருங்கள். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத கீவேர்ட் குறி என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதில் அடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. படிப்பவர் கண்ணில் படும் இடத்தில் எழுதுங்கள்.

"கடைப் பெயரைத் தட்டினால் வருகிறது. பொருளைத் தட்டினால் வரவில்லை"

வாழ்த்துகள், செக்ரோலில் பெயர் ஏறிவிட்டது. இனி வரிசைப் பிரச்சினை. 'முறுக்கு' என்ற ஒற்றைச் சொல்லுக்கு உலகத்தோடு போட்டி போட வேண்டாம். 'கோலா சிலாங்கூரில் தீபாவளி பலகாரம்' என்று தேடுபவர்தான் உங்கள் ஆள்.

ஊர்க் கடைக்கு அகப்பக்கத்தைவிட முதலில் பலன் தருவது கூகுள் பிசினஸ் புரொஃபைல். வரைபடத்தோடு வரும் பட்டியல் அதிலிருந்துதான். தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பேர்பெற்ற கடை என்ற மூன்றைப் பார்த்து வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது. இதுவும் இலவசம். உறுதிப்படுத்தப் பலரிடம் காணொளி கேட்கும்: தெரு, பெயர்ப் பலகை, வேலை செய்யும் இடம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரிய வேண்டும். வீட்டிலிருந்து செய்து கொண்டுபோய்க் கொடுப்பவர் முகவரியை மறைத்து, சேவை செய்யும் வட்டாரத்தை மட்டும் காட்டலாம். பெயர், தொலைபேசி எண், நேரம் மூன்றும் அகப்பக்கத்திலும் முகநூலிலும் அங்கேயும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இந்தக் கட்டத்தில்தான் "இத்தனை வெள்ளி (ரிங்கிட்) கொடுங்கள், முதல் பக்கம் உத்தரவாதம்" என்று அழைப்பு வரும். விளம்பரம் தனி, அதற்குக் காசு கட்டலாம், அதன் மேல் விளம்பரம் என்றே எழுதியிருக்கும். விளம்பரமல்லாத முடிவுகளில் இடம் கொடுக்கக் கூகுள் யாரிடமும் காசு வாங்குவதில்லை. உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது. அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு பால்டி எண்ணெய் வாங்கலாம்.

"வந்துகொண்டிருந்தது, திடீரென்று காணோம்"

டொமைன் காலாவதியா என்று முதலில் பாருங்கள். அடுத்து யாராவது கன்சோலில் 'ரிமூவல்ஸ்' பொத்தானை அழுத்தினார்களா? அது சுமார் ஆறு மாதம் மறைத்துவைக்கும். அங்கேயே ரத்து செய்யலாம்.

'சைட்' சோதனையில் நீங்கள் எழுதாத பக்கங்கள், ஸ்லாட், சூதாட்டம் என்று வரிசையாக வந்தால் தளத்தில் யாரோ புகுந்துவிட்டார்கள். கடவுச்சொற்களை மாற்றி, பழைய நீட்சிகளை நீக்கி, சுத்தமான காப்புப்படியிலிருந்து மீட்டு, கன்சோலில் பாதுகாப்புப் பகுதியைப் பாருங்கள். அங்கே எச்சரிக்கை இருந்தால், சுத்தம் செய்தபின் மறுபரிசீலனை கேட்க வேண்டும். புதிதாக வாங்கிய டொமைனிலேயே இப்படி வந்தால், முன்பு வேறொருவர் அதைக் கெட்ட வழியில் ஓட்டியிருப்பார். வாங்கும் முன், பழைய அகப்பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் பழைய முகத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

"கூகுளில் இருக்கிறது, மகளின் கணினியில் இல்லை"

அது விண்டோஸ் கணினி, எட்ஜ் உலாவி, தேடுவது பிங் என்ற தேடுபொறியில். பிங்குக்கும் தனி வெப்மாஸ்டர் டூல்ஸ் உண்டு, சர்ச் கன்சோலிலிருந்து அப்படியே இறக்கிக்கொள்ளலாம். இண்டெக்ஸ்நவ் நீட்சியைப் போட்டால் புதுப் பக்கம் வந்த உடனே பிங்குக்குச் செய்தி போகும், ஆனால் கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. டக்டக்கோ தேடுபொறியும் பெரும்பாலும் பிங்கிலிருந்து எடுப்பதால் இதைச் செய்தால் அங்கேயும் வந்துவிடும். அக்கா வீட்டில் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தட்டில் இருந்த தேன்குழல் தீர்வதற்குள் முடிந்துவிட்டது.